ஜூன் முப்பத்தொன்று

ஆகஸ்ட் 4

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நான் சுகம், உன் அத்தான் சுகம், ஒழுகுகிற கூரையும் சுகம். அங்கே உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறார்கள்? நாள் முழுக்க அச்சுத்தாளை உற்றுப் பார்க்கிற உன் கண் எப்படி இருக்கிறது?

காரியம் இல்லாமல் அக்கா இத்தனை பக்கம் எழுத மாட்டாள் என்று உனக்குத் தெரியும். ஆகவே நேராக அதற்கே வருகிறேன்.

எங்கள் துறைமுகத்தில் ஒரு மீட்புப் படகு இருக்கிறது. நீ ஊரைவிட்டுப் போன பிறகு வந்தது, அதனால் நீ பார்த்திருக்க மாட்டாய். கடலில் யாராவது மாட்டிக்கொண்டால் சங்கு ஊதும். ஏழு நிமிடத்தில் படகு கிளம்பிவிடும். போகிறவர்கள் யாருக்கும் சம்பளம் கிடையாது. எல்லோரும் ஊரில் ஏதோ ஒரு தொழில் செய்கிறவர்கள், மொத்தம் பதினொரு பேர். சங்கு கேட்டதும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். அவர்களுக்குத் தலைவர் யார் தெரியுமா? எங்கள் தெரு சலூன்காரர்.

போன மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் ஒருவர் வந்து இன்ஜினைப் பார்த்தார். "இது இன்ஜினா, இருமல் நோயாளியா?" என்று கேட்டார். மார்ச் முடிவதற்குள் புது இன்ஜின் போடாவிட்டால் படகையே எடுத்துக்கொண்டு போய்விடுவார்களாம். பாதிச் செலவு அவர்களுடையது, மீதியை ஊர் போட வேண்டும். படகு போய்விட்டால், அடுத்த ஊர்ப் படகு இங்கே வந்து சேர ஒன்றரை மணி நேரம். தண்ணீரில் விழுந்தவன் அத்தனை நேரம் காத்திருக்க மாட்டான்.

நிதி திரட்டும் குழுவில் நானும் இருக்கிறேன். கடைக்குக் கடை உண்டியல் வைத்தோம். திறந்து பார்த்தால் சில்லறையோடு இரண்டு பட்டன். அதில் ஒன்று என் தையல்கடைப் பட்டன். பாட்டுக் கச்சேரி வைத்தோம். மழை வந்தது. துறைமுக வாசலில் ஆளுயரப் பலகையில் படகுப் படம் வரைந்து, பணம் சேரச் சேர அடியிலிருந்து நீலம் பூசிக்கொண்டு வருகிறோம். இன்றைக்கு நீலம் படகின் கணுக்கால் வரை வந்திருக்கிறது. படகுக்குக் கணுக்கால் கிடையாது என்று நீ திருத்துவாய், தெரியும்.

இப்படித் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான், போன செவ்வாய்க்கிழமை ஒரு வங்கி அதிகாரி அரை மீசையோடு குழுக் கூட்டத்துக்குள் நுழைந்து கத்தினார். சலூன்காரர் ஒரு பக்க மீசையை எடுத்து முடித்த நேரம் பார்த்துச் சங்கு ஊதியிருக்கிறது. ஆள் கத்தியை வைத்துவிட்டு ஓடிவிட்டார். "மறுபக்கத்தை யாருங்க எடுப்பாங்க? மூணு மணி நேரமா இப்படியே உக்காந்திருக்கேன்! ஆபீஸ்ல எப்படி முகத்தைக் காட்டுறது?" எங்களால் சிரிப்பை அடக்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவராலும் முடியவில்லை.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. இந்த ஊரில் சங்குச் சத்தத்துக்குப் பாதியில் நின்றுபோன வேலைகளைப் படம் பிடித்தால் என்ன? மாதத்துக்கு ஒரு படம், வருஷத்துக்கு ஒரு காலண்டர். ஸ்டுடியோக்காரர் இலவசமாக எடுத்துத் தருகிறேன் என்றார். ஒரே நிபந்தனை, வேஷம் கட்டி எடுக்க மாட்டாராம். சங்கு ஊதியபின் உள்ளது உள்ளபடி.

உன் அச்சகத்தில் இதை அடித்துத் தர முடியுமா? உன் முதலாளியிடம் அக்கா கேட்டாள் என்று சொல். முடியாது என்றால் அக்கா நேரில் வருவாள் என்றும் சொல்.

பிள்ளைகளுக்கு என் முத்தம்.

அக்கா


ஆகஸ்ட் 19

அக்காவுக்கு வணக்கம்.

இங்கே எல்லோரும் நலம். கண் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

உன் கடிதத்தை முதலாளியிடமே கொடுத்துவிட்டேன். அரை மீசை இடத்தில் அவர் சிரித்த சிரிப்பில் மிஷின்காரர்கள் ஓடிவந்துவிட்டார்கள். "பாதியில ஓடுறவங்களுக்கு நாம முழுசா செஞ்சு கொடுப்போம்"னார். காகிதச் செலவு மட்டும் போதுமாம். இரண்டாயிரம் பிரதி. பன்னிரண்டு படங்களும் அக்டோபர் நடுவில் என் மேசைக்கு வர வேண்டும். பிழை பற்றிக் கவலை வேண்டாம். இருபத்திரண்டு வருஷத்தில் நான் 'சரி' என்று கையெழுத்துப் போட்ட தாளில் ஒரு புள்ளி தவறியதில்லை.

ஒன்று கேட்க வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. நிதிக் குழு என்று எழுதியிருக்கிறாய். அந்தக் குழு கரையோடு நிற்கிற குழுதானே? அப்பாவின் படகு திரும்பாத வருஷம் அம்மா நம் இரண்டு பேர் கையையும் பிடித்துச் சத்தியம் வாங்கினாளே, கடலில் கால் வைப்பதில்லை என்று. அதற்காகத்தான் கடலுக்கு எட்டு மணி நேரம் தள்ளி வந்து நான் குடியிருக்கிறேன். இங்கே மழைத் தண்ணீர் தேங்கினால்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவேன். நீ அங்கேயே வாழ்க்கைப்பட்டுவிட்டாய். பரவாயில்லை. உண்டியலோடு நின்றுகொள்.

உடனே பதில் போடு. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


செப்டம்பர் 30

அன்புத் தம்பிக்கு,

சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். ஆறு வாரமாகப் பதில் இல்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாய். கையெழுத்து கோணலாக இருப்பதையும் கண்டுபிடித்திருப்பாய். மேசை இழுப்பறையில் விரல் மாட்டிக்கொண்டது. இப்போது ஊசி பிடிக்க முடிகிறது.

இதோடு பதினொரு படங்கள் வைத்திருக்கிறேன். சங்கு ஊதினால் ஊரே துறைமுகத்தைப் பார்த்து ஓட, ஸ்டுடியோக்காரர் மட்டும் கேமராவோடு கடைத்தெருப் பக்கம் எதிர்த்திசையில் ஓடுகிறார். ஜனவரிக்கு அரை மீசை. வங்கி அதிகாரியே வந்து, "என் படத்தைப் போடலேன்னா நன்கொடை கிடையாது"ன்னு மிரட்டி, திரும்பவும் மீசை வளர்த்து, ஒரு மாதம் கழித்து மறுபடி பாதியில் மாட்டிக்கொண்டார்! அவர் ராசி அப்படி. பல் டாக்டர் நாற்காலியில் வாயைத் திறந்தபடி விட்டத்தைப் பார்க்கிற பெண்மணி, ஏப்ரல். கணக்கு வாத்தியார் கரும்பலகையில் 'ஆகவே' என்று எழுதி நிறுத்தியது, ஆகஸ்ட். அந்த 'ஆகவே'க்குப் பிறகு என்ன என்று ஒரு வகுப்பே இன்னும் காத்திருக்கிறது. பெயிண்டர் பாதி நீலம் பாதி பழுப்பாக விட்டுப்போன கதவை வீட்டுக்காரர் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

ஜூனுக்குப் படம் இல்லை. படகின் படத்தைப் போட்டுவிடு, அதையும் வைத்திருக்கிறேன்.

பலகையில் நீலம் முழங்காலுக்கு வந்திருக்கிறது. மற்ற கேள்விகளுக்கு அடுத்த கடிதத்தில். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

அக்கா


அக்டோபர் 7

அக்காவுக்கு வணக்கம்.

நலம். விரல் எப்படி இருக்கிறது? எந்த மேசை அது? உன் கடையில் இழுப்பறை வைத்த மேசையே கிடையாதே, துணி வெட்டுகிற பலகைதானே உண்டு.

படங்கள் பிரமாதம். அச்சகத்தில் ஆளாளுக்கு வாங்கிப் பார்க்கிறார்கள். ஆனால் ஜூனுக்கு வெறும் படகு ஒட்டவில்லை, விருந்துக்கு நடுவில் ரேஷன் அட்டையை நீட்டியதுபோல் இருக்கிறது. பாதியில் நின்ற வேலை இன்னும் ஒன்று கிடைக்காதா? சலூன்காரரின் முகவரியைக் காலண்டரில் போடக் கொடுத்திருந்தாய், அவருக்கும் ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கிறேன்.

என் ஆகஸ்ட் கடிதத்தில் ஒரு கேள்வி இருந்தது. நீ படங்களைப் பற்றி எழுதினாய், மீசையைப் பற்றி எழுதினாய். அதற்கு மட்டும் பதில் இல்லை.

தம்பி


அக்டோபர் 14

ஐயா அவர்களுக்கு,

முன்பின் பழக்கம் இல்லாதவன் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளவும். தாங்களும் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சவரக் கத்தி பிடித்த கை, பேனா சரியாக வராது.

ஜூன் மாதத்துக்குப் படம் கேட்டிருந்தீர்கள். படம் உண்டு. உங்கள் அக்காதான் அனுப்ப விடவில்லை. "என் கடையைப் போட்டா பெருமை அடிச்சுக்கற மாதிரி இருக்கும்"னு சொன்னாங்க. எங்கள் பன்னிரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும் மாதம் இல்லாமல் போவது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை. அதனால் அவர்களுக்குத் தெரியாமல் அனுப்புகிறேன்.

மூன்று வருஷமாகப் படகில் வருகிறார்கள். கடையிலிருந்து படகுக்கு நான்கு நிமிடத்தில் ஓடிவந்துவிடுவார்கள், எங்களில் வேறு யாரும் அந்த வேகத்தைத் தொட்டதில்லை. செப்டம்பரில் நடந்தது தாங்கள் அறிந்ததே. அவர்கள் கயிற்றை விட்டிருந்தால் அன்றைக்கு அந்த ஆள் இல்லை. இப்படி ஓர் அக்கா கிடைத்ததற்குத் தங்களுக்கு என் வாழ்த்து.

இப்படிக்கு,
படகுத் தலைவன் (சலூன்)


நவம்பர் 3

அக்காவுக்கு,

நலம். இரண்டாயிரம் காலண்டர்களும் இன்று லாரியில் ஏற்றப்பட்டன. எட்டுக் கட்டுகள். எண்ணி வாங்கிக்கொள்ளவும்.

ஜூன் மாதப் படத்தைச் சலூன்காரர் அனுப்பியிருந்தார். ஒரு கை தைத்து மறு கை தைக்காத கோட்டு. கவிழ்ந்து கிடக்கிற முக்காலி. தரையில் ஒற்றைச் செருப்பு, குதிகாலின் வெளிப்பக்கம் தேய்ந்தது. அது யார் நடை என்று எனக்குத் தெரியும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாய். பதினொரு பேர் என்று எழுதினாய், பன்னிரண்டாவது ஆள் நீ. மூன்று வருஷம்.

அத்தானுக்கு வணக்கம்.

தம்பி


நவம்பர் 12

தம்பி,

சுகம் விசாரிக்க எனக்கு இப்போது யோக்கியதை இல்லை. இருந்தாலும் விசாரிக்கிறேன். சுகம்தானே?

முதலில் உன் கேள்விக்குப் பதில். ஆமாம். போகிறேன். விரல் இழுப்பறையில் மாட்டவில்லை, கயிற்றில் மாட்டியது. ஒரு கிரேன் ஓட்டுநர் விடுமுறைக்குத் தூண்டில் போடப் போய்ப் படகு கவிழ்ந்துவிட்டது. அவரிடம் போய்ச் சேர்ந்து கயிற்றை வீசுகிறோம், நம் இன்ஜின் நின்றுவிட்டது. நாற்பது நிமிடம். அலையில் படகு ஒரு பக்கம் போகிறது, அவர் ஒரு பக்கம் போகிறார், நடுவில் கயிறு என் கையில். பயந்தேன். பொய் சொல்ல மாட்டேன். கடைசியில் அது இருமி இருமிக் கிளம்பியது. அதனால்தான் இந்த இன்ஜினுக்காக வீடு வீடாக ஏறி இறங்குகிறேன். உண்டியல் பிடிக்க எனக்கு வேறு ஆசை ஒன்றும் இல்லை.

அம்மாவுக்குச் செய்த சத்தியத்தை மீறிவிட்டேன். தெரிந்தேதான் மீறினேன். அப்பா போன அன்று நாம் எல்லோரும் கரையில் என்ன செய்தோம், நினைவிருக்கிறதா? நின்றோம். ஊரே நின்றது. அம்மா நின்றாள். நீ என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். காலையிலிருந்து பொழுது சாயும்வரை நின்றோம், அவ்வளவுதான், போய்ப் பார்க்க ஓர் ஆள் கிடையாது, ஒரு படகு கிடையாது. இந்தச் சங்கு முதல்தடவை ஊதியபோது, கையில் கத்தரிக்கோலோடு நான் கடை வாசலில் நின்றேன். அப்போது நினைத்துக்கொண்டேன், இனி நிற்க மாட்டேன் என்று. உன்னிடம் சொல்லாதது தப்புதான். சொன்னால் நீ தூங்க மாட்டாய் என்று சொல்லவில்லை. அதை வேண்டுமானால் மன்னித்துவிடு. போனதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

இரண்டாவது. உன் ஜூன் மாதத்துக்கு முப்பத்தோரு நாள்.

எட்டுக் கட்டையும் பிரித்துவிட்டோம். இரண்டாயிரம் பிரதியிலும் ஜூன் 30க்குப் பக்கத்தில் ஒரு கட்டம், அதில் 31. கணக்கு வாத்தியார்தான் கண்டுபிடித்தார். ஸ்டுடியோக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "கைக்கு எட்டுனது வாய்க்கு எட்டலியே"ன்னு பல் டாக்டர் சொன்னார். இரண்டாயிரம் இடத்தில் வெள்ளைத்தாள் ஒட்டலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

அந்த நேரம் பார்த்து, அந்தக் கிரேன் ஓட்டுநர் நன்றி சொல்ல வந்தார். என்ன விஷயம் என்று கேட்டார். காட்டினோம். அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"அன்னைக்கு நீங்க வரலேன்னா செப்டம்பரோட எனக்குக் காலண்டரே முடிஞ்சிருக்கும்" என்றார். "அதுக்கப்புறம் எனக்குக் கிடைச்ச நாள் எல்லாமே இந்த மாதிரி கணக்குல இல்லாத நாள்தான். இதை ஒட்டாதீங்க. இந்தக் கட்டம் என்ன விலை?"

அவரே பையில் கையை விட்டு, "இது என் ஒரு நாள் சம்பளம். நாளுக்கு நாள் சரியாப் போச்சு"ன்னு மேசையில் வைத்தார். பிறகு பேனாவை வாங்கி, அந்த 31இல் தன் பேரை எழுதிக் காலண்டரைச் சுருட்டிக்கொண்டு போனார்.

சலூன்காரர் எழுந்து நின்று சொன்னார்: "ஒரு தாளும் ஒட்ட வேண்டாம். அப்படியே கொண்டு போங்க."

நீ இதற்காக உன்னையே தின்றுகொண்டிருக்காதே. பதில் போடு.

அக்கா


டிசம்பர் 19

அன்புத் தம்பிக்கு,

ஐந்து வாரம் ஆயிற்று. உன் வீட்டுக்காரிக்குப் போன் செய்தேன். "அவர் நல்லாத்தான் இருக்கார் அண்ணி, ஆனா வாயைத் திறக்கிறதில்லை, காலண்டர்னு சொன்னா எழுந்து போயிடறார்"னு சொன்னாள். சரி, நீ பேசாவிட்டால் போ. நான் பேசுகிறேன், நீ கேள்.

இரண்டாயிரமும் விற்றுவிட்டது! இருபது நாளில்! காலண்டருக்கு ஒரு விலை. ஆனால் முப்பத்தொன்றாம் தேதியில் பேர் எழுத வேண்டுமென்றால் ஒரு நாள் சம்பாத்தியம், அவரவர்க்கு எவ்வளவோ அவ்வளவு. முதலில் படகில் மீண்டவர்கள் வந்தார்கள். பிறகு அவர்கள் மனைவிமார்கள் வந்தார்கள். "அவரோட அதிக நாள்ல பாதி எனக்கு"ன்னு ஒருத்தி சண்டை பிடித்து வாங்கிப்போனாள். பிறகு கடலுக்கே போகாதவர்கள் வந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய ஒரு டீச்சர், லாரி விபத்தில் தப்பிய ஒருவர். மீன் ஏலக்கூடத்தில் துடைப்பம் பிடிக்கிற அம்மா தன் ஒரு நாள் கூலியை மடித்த கைக்குட்டையில் கொண்டுவந்தாள். வங்கி அதிகாரி தன் வங்கி முழுவதையும் வரிசையில் நிறுத்திக் கூட்டிக்கொண்டு வந்தார், இப்போது ஆள் மீசையை ஒரு பக்கம் மட்டும்தான் வைத்துக்கொள்கிறார்.

வெளியூர்ப் பத்திரிகை ஒன்று எழுதிவிட்டது. கடிதங்கள் மூட்டையாக வருகின்றன. உன் அத்தானுக்குப் படகில் கால் வைத்தாலே குமட்டும், அந்த மனிதர் ரொட்டிக்கடை அடுப்பை அணைத்ததும் வந்து உட்கார்ந்து உறை ஒட்டுகிறார். பலகையில் நீலம் கழுத்துக்கு வந்துவிட்டது.

இன்னும் மூவாயிரம் பிரதி வேண்டும். நீ கோபமாக இருந்தால் உன் முதலாளிக்கு எழுதிக்கொள்கிறேன். ஆனால் நீ அடித்துத் தந்தால்தான் எனக்குச் சந்தோஷம்.

அக்கா


ஜனவரி 6

அக்காவுக்கு வணக்கம்.

நலம் என்று எழுதுவேன், நீ நம்ப மாட்டாய்.

நடந்தது இதுதான். கம்ப்யூட்டர்காரர் மே மாதப் பக்கத்தை எடுத்து, பேரை மாற்றி, கிழமைகளை நகர்த்தி ஜூன் ஆக்கினார். கடைசிக் கட்டத்தை எடுக்க மறந்துவிட்டார். அது தினமும் நடக்கிற தவறு. அதைப் பிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். ஜூன் தாள் என் முன்னால் இருந்தது. மேலே உன் கடை, அந்தச் செருப்பு. கீழே நாள்கள். நான் கீழே வரவே இல்லை அக்கா. ஒரு காலில் செருப்போடு நீ துறைமுகத்துக்கு ஓடுவது கண்ணில் தெரிந்தது. அப்புறம் அலை தெரிந்தது. 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யானைக்கும் அடி சறுக்கும் என்று முதலாளி சமாதானம் சொன்னார். எனக்கு இன்ஜின்தான் நினைவுக்கு வந்தது. என்னால் உன் படகுக்கு இன்ஜின் வராமல் போய், அந்தப் பழைய இன்ஜினோடு நீ போவாயே என்று நினைத்து நினைத்து, பேனா எடுத்தால் ஒரு வரி வரவில்லை. கோபத்தால் எழுதாமல் இருந்தேன் என்று நினைக்காதே. வெட்கம், பயம், இரண்டும்.

உன் டிசம்பர் கடிதத்தை அச்சகத்தில் முதலாளி உரக்கப் படித்தார். கைக்குட்டை அம்மா வந்த இடத்தில் மிஷினை நிறுத்திவிட்டார்கள். மூவாயிரம் பிரதியும் நேற்று லாரியில் ஏறிவிட்டது. அவற்றுக்குக் காகிதச் செலவும் வேண்டாமாம். புதிதாக வந்த ஒரு கம்ப்யூட்டர்காரர் ஜூன் முப்பதோடு சரியாக முடித்துக் கொண்டுவந்தார். 31ஐக் காணவில்லை என்று வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

இதோடு என் ஒரு நாள் சம்பளம் இருக்கிறது. ஒரு பிரதியில் என் பேரை நீயே எழுது.

'போகாதே' என்று எழுதக் கை பரபரக்கிறது. அது இனி உன்னிடம் செல்லாது. 'போய் வா' என்று எழுத இன்னும் மனசு வரவில்லை. இரண்டையும் எழுதாமல் முடிக்கிறேன்.

தம்பி


மார்ச் 11

என் செல்லத் தம்பிக்கு,

சுகம் சுகம் சுகம்! நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் அதே அளவு சுகமாக இருக்க வேண்டும்!

வந்துவிட்டது. கெடுவுக்கு இருபது நாள் இருக்கும்போதே வந்துவிட்டது. பெயிண்டர் பலகையில் படகை முடித்து, மேலே பறந்த பறவையையும் நீலமாக்கிவிட்டார், பணம் அவ்வளவு தூரம் ஏறிவிட்டது. மிச்சத்தில் ஆளுக்கொரு புது லைஃப் ஜாக்கெட். என்னுடையதை நானே இடுப்பில் கொஞ்சம் பிடித்துத் தைத்துக்கொள்ளப் போனேன், சலூன்காரர் கையில் அடித்தார்.

இருமல் என்று சொன்ன அதே ஆய்வாளர்தான் சோதனை ஓட்டத்துக்கு வந்தார். முன்பு நாற்பது நிமிடம் பிடித்த தூரம், பதினெட்டு நிமிடம். இறங்கும்போது அவர் தொப்பி கடலோடு போய்விட்டது. "போகட்டும்"னு சொல்லிக் கையெழுத்துப் போட்டார். எங்கள் படகை இனி யாரும் எங்கேயும் கொண்டுபோக முடியாது. எனக்கு அழுகை வந்துவிட்டது, எல்லோர் எதிரிலும் அழுதேன், வெட்கப்படவில்லை.

ஜூலை ஒன்றாம் தேதி காலையை எங்கள் ஊரில் ஜூன் முப்பத்தொன்று என்று வைத்துக்கொள்ளப்போகிறோம். பேர் எழுதியவர்கள் அத்தனை பேரும் துறைமுகத்துக்கு வருகிறார்கள். உன் பேரும் இருக்கிறது. இருபது வருஷமாக நீ இந்த ஊர்ப் பக்கம் வரவில்லை. நான் கூப்பிடுகிறேன். கடலைப் பார்க்காமல் என் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாலும் பரவாயில்லை. வா.

அக்கா


ஜூன் 31, காலை பதினொன்றரை மணி

அக்கா,

இதை அழைப்பிதழின் பின்பக்கத்தில், பந்தல் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் நலத்தை விசாரிக்க முடியாது, நீ இப்போது எங்கே இருக்கிறாய் என்று எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் மட்டும்தான் தெரிகிறது.

ஆய்வாளர் பேசிக்கொண்டிருந்தார். "இந்தப் படகு" என்றார், சங்கு ஊதிவிட்டது. மேடையில் பாதிப் பேரைக் காணோம். நீ உன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, "பிடிடா"ன்னு என் கையில் திணித்துவிட்டு ஓடினாய். நாற்பத்தெட்டு வயதில் ஒருத்தி இப்படி ஓடுவாள் என்று நான் நினைத்ததில்லை. இரண்டு காலிலும் செருப்பு இருந்ததையும் கவனித்தேன்.

ஏறியவர்களை எண்ணினேன். ஆறு பேர். சலூன்காரர், பல் டாக்டர், கணக்கு வாத்தியார், பெயிண்டர், பேர் தெரியாத ஒருவர், நீ. அதற்குள் படகு துறைமுகத்தின் அலைத் தடுப்புச் சுவரைத் தாண்டிவிட்டது. கல் ஏற்றும் தோணி ஒன்று மூன்று பேரோடு கவிழ்ந்துவிட்டதாம், அத்தான் கேட்டுவந்து சொன்னார். அவர் எனக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தானே குடித்துவிட்டார்.

ஆயிரம் பேர் கரையில் நிற்கிறார்கள். நானும் எழுந்து போய் நின்றேன். கொஞ்ச நேரம் கிரேன் ஓட்டுநரின் தோளைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு நாம் இதே இடத்தில்தான் நின்றோம், இல்லையா? ஆனால் அன்றைக்குப் பார்க்க ஒன்றுமே இல்லை. இன்றைக்கு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று ஊருக்கே தெரிந்திருக்கிறது. எல்லோரும் ஒரே திசையைப் பார்க்கிறோம். யாரும் அழவில்லை. நின்றுகொண்டு இருப்பதும் போய்விட்டவர்களுக்காகக் காத்திருப்பதும் ஒன்று இல்லை அக்கா. எனக்கு இது தெரியாமலே இத்தனை வருஷம் போய்விட்டது.

இப்போது பன்னிரண்டேகால். சுவருக்கு அப்பால் ஏதோ தெரிகிறது என்கிறார்கள். உன் கண்ணாடியை என் கண்ணாடிக்கு மேல் போட்டுப் பார்க்கிறேன், ஒன்றும் தெரியவில்லை, கழற்றிவிட்டேன்.

படகுதான்.

ஆட்கள் தெரிகிறார்கள். சத்தத்தில் எனக்கு எழுத ஓடவில்லை, எல்லோரும் கத்துகிறார்கள். முதல்தடவை எண்ணினேன், நம்பவில்லை. இரண்டாவது தடவை வலமிருந்து இடமாக எண்ணினேன். மூன்றாவது தடவை விரல் வைத்து எண்ணினேன். போனது ஆறு பேர். வருவது ஒன்பது.

ஒன்பது பேர், அக்கா. பார்த்தேன், சரி.